அப்ரண்டிஸ் விண்ணப்பம் பத்தாம் வகுப்பிலேயே தொடங்குகிறது: தலைமை ஆசிரியர்களுக்கும் ஐடிஐ முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் ஐடிஐ முதல்வர்களுக்கும் வணக்கம்.

பெரம்பூர் ஐசிஎஃப் என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, பொன்மலை, போத்தனூர் ரயில்வே பணிமனைகள், திருச்சி பெல் என்னும் பாரத மிகுமின் நிறுவனம் ஆகிய இடங்களின் அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குத் துணையிருப்பவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அறிவிப்பு வந்த பிறகு பிள்ளைகளைச் சான்றிதழுக்காக ஓடவிடாமல், பத்தாம் வகுப்பிலும் ஐடிஐ முதலாண்டிலுமே அவர்களுடைய ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

ரயில்வே அப்ரண்டிஸ்களைத் தேர்ந்தெடுக்க எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்காணலும் கிடையாது. ஐடிஐ முடித்தவருக்குப் பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சதவீதத்தையும் ஐடிஐ சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 500-க்கு 412, அதாவது 82.4, ஐடிஐயில் 78, சராசரி 80.2. அதுதான் தரவரிசை. இருவர் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கே இடம். பதினெட்டு வயதுப் பிள்ளை அங்கே பெரும்பாலும் பின்தங்கியே நிற்கும். அறிவிப்பு வரும் நாளில் மதிப்பெண்ணை யாராலும் மாற்ற முடியாது. கையில் மிஞ்சுவது காகிதம் மட்டும். அதில்தான் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் பெயர். மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் மு', ஆதாரில் 'முருகன் கார்த்திக்', ஐடிஐ சான்றில் 'மு கார்த்திக்'. வீட்டில் யாருக்கும் இது பிழையாகத் தெரியாது. ஆதாரை வைத்துச் சரிபார்க்கும் கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பொதுத்தேர்வுக்கு முன் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது இதைத் திருத்துவது உங்களுக்கு ஒரு நாள் வேலை. சான்றிதழ் அச்சாகிவிட்டால் தேர்வுத்துறை வரை போக வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்றலாம். ஆகவே எந்த எழுத்துமுறை நிலைக்கப்போகிறது என்று முதலில் முடிவுசெய்து, பிறகு ஆதார் மையத்துக்கு அனுப்புங்கள். அவசரத்தில் ஆதாரைத் திருத்தி, அப்புறம் மதிப்பெண் பட்டியல் வேறாக வந்து, மீண்டும் திருத்தும் குடும்பங்கள் நிறைய.

ஆதார் மையத்துக்குப் போகும் அதே நடையில் இன்னும் இரண்டு வேலை முடியும். பதினைந்து வயதில் ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிப்பது கட்டாயம்; பலர் செய்வதே இல்லை. இணைத்திருக்கும் கைபேசி எண் அப்பாவின் பழைய எண்ணாக, செத்துப்போன சிம்மாக இருக்கும். ஓடிபி வராமல் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது சாதிச் சான்று. பிசி, எம்பிசி என்று மாநில அரசு தந்த சான்று மத்திய அரசு நிறுவனங்களில் ஓபிசி சலுகைக்குப் போதாது. மத்தியப் படிவத்தில், வசதிபடைத்த பிரிவில் வரவில்லை என்ற குறிப்புடன் தனி ஓபிசி சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் கேட்ட அன்றே கிடைக்காது. தவறான சான்றோடு போனால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். வயதுத் தளர்வு மூன்றாண்டும் போய்விடும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு, நூறு ரூபாய் கட்டணமும் இல்லை. பெண்களுக்கும் கட்டணம் இல்லை.

விண்ணப்பத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பிரௌசிங் சென்டரில் நிரப்பினால் பெரும்பாலும் கடைக்காரரின் மின்னஞ்சலும் அவர் எண்ணும்தான் ஏறுகின்றன. தரவரிசை வந்த தகவல், சான்றிதழ் சரிபார்ப்புக்கான அழைப்பு எல்லாம் அவருக்குப் போகும். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சலைப் பள்ளிக் கணினி அறையிலேயே தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நோட்டில் எழுதுவது பாதுகாப்பில்லை என்று சொல்வார்கள். மறந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

மதிப்பெண்ணைப் பதிவதிலும் தவறு நடக்கிறது. பத்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களையும் சேர்த்துத்தான் கணக்கு; நன்றாக எடுத்த பாடங்களை மட்டும் பொறுக்கிப் போட்டால் சதவீதம் உயர்ந்து பெயர் பட்டியலில் வரும், சரிபார்ப்பில் அப்படியே நீக்கப்படும். ஐடிஐ முடிவு வராமல், 'வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் விண்ணப்பிப்பதும் வீண். அறிவிப்பு தேதியன்று தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பதே வழக்கமான நிபந்தனை. முதல்வர்களே, தற்காலிகச் சான்றைத் தாமதமின்றிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஐடிஐ போகாத பிள்ளைகளுக்கும் வழி உண்டு என்பது பல பள்ளிகளுக்கே தெரியவில்லை. ஐசிஎஃப் பத்தாம் வகுப்பில் 50 சதவீதம் எடுத்தவர்களைப் புதியவர்களாக எடுக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் பிரிவுகளுக்குக் கணிதமும் அறிவியலும் படித்திருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 15, உச்சம் 22. தெற்கு ரயில்வேயில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு மருத்துவ ஆய்வகப் பயிற்சியும் இருக்கிறது. கூட்டம் மொய்ப்பது ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும்தான். முந்தைய ஆண்டு கட்-ஆஃப் பட்டியலைப் பார்க்காமல் பிரிவைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். அறிவிப்புக்கு நிலையான தேதி கிடையாது. ஐசிஎஃப் அறிவிப்பு 2024-இல் மே மாதம் வந்தது, 2025-இல் ஜூலையில். மே முதல் செப்டம்பர் வரை வாரம் ஒருமுறை ரயில்வே தளங்களைப் பார்க்க ஓர் ஆசிரியரை நியமித்தால் போதும்.

மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஓரிடத்தில் ஒருமுறை பயிற்சியில் இருந்தவரை, அல்லது இப்போது இருப்பவரை, ரயில்வே எடுக்காது. மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் பதிவுசெய்த பிள்ளைக்கு ஏதோ ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தம் வரும். என்ன ஏது என்று படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிடுவார்கள். சில மாதம் போய்விட்டு நின்றும்விடுவார்கள். அடுத்த ஆண்டு ஐசிஎஃப் கதவு சாத்தியிருக்கும். சிறு நிறுவனப் பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பலருக்கு அதுவே பொருத்தம். ஆனால் அதை எடுத்தால் ரயில்வே கதவு மூடிவிடும் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தத்தில் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும் என்பதால், இந்தப் பேச்சைப் பெற்றோர் கூட்டத்திலேயே பேசுவது நல்லது.

அந்தக் கூட்டத்தில் வேலை பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பயிற்சி முடிந்தால் வேலை தர வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இல்லை; பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை நிறுவனமே வகுக்க வேண்டும் என்றுதான் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, 2014 திருத்தத்துக்குப் பிறகு, சொல்கிறது. ரயில்வேயில் பயிற்சி முடித்து தேசியத் தொழிற்பழகுநர் சான்று பெற்றவர்களுக்கு, லெவல்-1 எனப்படும் கடைநிலைப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கும் தேர்வு எழுதியே ஆகவேண்டும். உதவித்தொகை 2019 விதிப்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 6,000, ஐடிஐ முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. தொகை வந்துசேர, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கி இரண்டாண்டாக வரவுசெலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடக்கும். வங்கியில் கேட்டு மறுபடி இயக்கவையுங்கள்.

இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், மதிப்பெண்ணை வைத்து மட்டுமே போடும் பட்டியலில் அவர் எதை மாற்றப்போகிறார் என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

சான்றிதழ் சரிபார்ப்பில் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். உதவி அறுவை மருத்துவர் நிலைக்குக் குறையாத அரசு மருத்துவர், அறிவிப்பில் உள்ள படிவத்திலேயே கையெழுத்திட்டிருக்க வேண்டும். தனியார் கிளினிக் சீட்டு செல்லாது.

இப்படிக்கு,
தொழிற்பழகுநர் விண்ணப்பங்களுக்குத் துணைநிற்கும் தன்னார்வலர்கள்