பாச்சா உருண்டை பூசணத்தைத் தடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததும் நெல்லைச் சீமையில் பீரோவுக்குள் பாச்சா உருண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது பூச்சியைத்தான் விரட்டும். வசம்பும் அப்படியே. பூசணத்துக்குத் தேவை ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் நின்றாலே, துணியில் இருக்கும் கஞ்சியையும் வியர்வைப் பிசுக்கையும் தின்று வளர ஆரம்பித்துவிடும். ஆகவே கஞ்சி போட்ட சேலையை மழைக்காலத்துக்கு மடித்து வைக்காதீர்கள். அலசிக் கஞ்சியை எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே வையுங்கள். இஸ்திரிச் சூட்டோடு அடுக்கினாலும் ஆவி உள்ளேயே தங்கிவிடும்.

பத்தமடைப் பாய்க்கு இன்னும் கவனம் வேண்டும். கோரை ஈரத்தை இழுக்கும்; பாவு நூலும் ஓரத்துணியும் அதை லேசில் விடாது. பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுருட்டி, ஓதமடித்த சுவரில் சாய்த்து வைத்தால் உட்சுற்றில்தான் முதலில் பூக்கும், வெளியே தெரியாது. பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி, தரையில் படாமல் பரண் கம்பில் போடுவதே சரி.

பூத்துவிட்டதா? ஈரத்தோடு துடைத்தால் இழைக்குள் அப்பிக்கொள்ளும். முதலில் காய வையுங்கள். பிறகு வெளியே கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பொடி மற்றத் துணிகளுக்கும் போகும். சாயப் பாய்க்கு உச்சி வெயில் ஆகாது. காலை வெயில் ஒரு மணி நேரம், மீதிக்கு நிழல் காற்று.

பருத்தி ஜமக்காளமானால் ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து அலசலாம். சாயம் போகிறதா என்று ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சரிகைப் பட்டில் வினிகர் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் பட்டுத் துணியையும் கம்பளியையும் இழையோடு அரித்துவிடும். கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் முழுதாகப் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

2023 டிசம்பர் 17, 18 மழையைப் போல் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால், காய வைக்கும் முன் நல்ல தண்ணீரில் சேற்றை அலசிவிட வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். வெயில் இல்லையென்றால் பெஞ்சில் விரித்து மின்விசிறியைப் போடுங்கள்.

பீரோ சுவரை விட்டு நாலு விரல் தள்ளி நிற்கட்டும். மழை பெய்யும்போது திறக்காமல், வெயில் அடிக்கும் மதியத்தில் திறந்து வையுங்கள்.

பாயையும் சேலையையும் விற்கும் கூட்டுறவுச் சங்கங்களும் கடைகளும் இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் அச்சடித்துப் பொருளோடு கொடுத்தால் என்ன?

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பத்தமடை.