கேம் பாயில் கண்ட கண்ட அடாப்டரைச் செருக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய விளையாட்டுப் பொருள்கள் பற்றி வந்த கட்டுரையில், லோரோங் கூலிட் சந்தையில் கேம் பாய் (நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி) வாங்குவோர் ஏதாவதொரு 6 வோல்ட் அடாப்டரைச் செருகி ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்றிருந்தது. அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். 1989இல் வெளிவந்த முதல் கேம் பாயின் அடாப்டர் முனையில் நடுப்பகுதி நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறு. வோல்ட் சரியாக இருந்தாலும் துருவம் மாறினால், உள்ளே மின்சாரத்தைத் தேவையான வோல்ட்டுக்கு மாற்றித் தரும் பவர் போர்டு கெடக்கூடும். சோதித்துப் பார்க்க நான்கு புதிய டபுள் ஏ பேட்டரி போதும்.

பேட்டரி போட்டும் விளக்கு எரியாவிட்டால் உடனே 'போர்டு போய்விட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். பினாங்கின் ஈரக்காற்றில் பல ஆண்டு அலமாரியில் கிடந்த பொருளில் முதலில் கெடுவது போர்டு அல்ல, பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் போகும் வழி. அதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பேட்டரித் தகடுகள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. கசிந்தது காரம் என்பதால், பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்தால் அடங்கும். பிறகு தண்ணீர் தொட்ட குச்சி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய், சில மாதங்களில் துருவேறும்.

சரியான துருவமுள்ள அடாப்டரில் ஓடுகிறது, பேட்டரியில் ஓடவில்லை என்றால் அடாப்டர் குழியைச் சந்தேகிக்கலாம். அடாப்டரைச் செருகும்போது பேட்டரியைத் துண்டிக்கும் சிறு தொடுமுனை ஒன்று அதற்குள் இருக்கிறது. அது அழுக்கேறினால் பேட்டரி எப்போதும் துண்டித்த நிலையிலேயே இருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது பவர் சுவிட்ச்தான். விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை மங்கும், லேசாகத் தட்டினால் அணைந்து மறுபடி தொடங்கும், புதிய பேட்டரி போட்டாலும் சிவப்பு விளக்கு மங்கலாகவே எரியும். சுவிட்சுக்குள் தகடு கறுத்து, 2 ஓம் மின்தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 0.2 வோல்ட் போய்விடும். பவர் போர்டில் இருப்பது டிசி–டிசி கன்வெர்ட்டர், அதாவது பேட்டரியின் வோல்ட்டை வேறு வோல்ட்டாக மாற்றும் சுற்று. வரும் வோல்ட் குறையக் குறைய, அதே சக்தியைக் கொடுக்க அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் சுவிட்சில் இழப்பு மேலும் ஏறும், கடைசியில் அணைந்துவிடும். ரீசார்ஜ் பேட்டரி நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட்தான் என்பதால் அதில் இந்தக் கோளாறு இன்னும் சீக்கிரம் தெரியும். இரண்டே பேட்டரியில் ஓடும் 1998ஆம் ஆண்டு கேம் பாய் கலரில் தொல்லை இன்னும் அதிகம்.

சுவிட்சைச் சோதிக்க, பெட்டி ஓடும் நிலையில் மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) டிசி வோல்ட்டில் வைத்து அதன் இரு கால்களுக்கும் இடையே அளக்க வேண்டும். 0.05 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்ச் அழுக்கு. அணைத்துவிட்டு ஓம் அளப்பதைவிட இதுவே நம்பகமானது, ஏனெனில் மின்னோட்டம் ஓடும்போதுதான் குறை வெளிப்படும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விடாத கான்டாக்ட் கிளீனரை உள்ளே தெளித்து, சுவிட்சை முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் தள்ளி, நன்றாகக் காயவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகுதான் பவர் போர்டு. வெளியில் ஆறு திருகுகளுக்கும் பெரும்பாலும் ஒய் வடிவ ஸ்க்ரூடிரைவர் வேண்டும், உள்ளே சாதாரண பிளஸ் தலை. இரு பாதிகளையும் இணைக்கும் ரிப்பன் (தட்டையான பட்டை ஒயர்) கழலாமல் புத்தகம்போல் விரியுங்கள். கறுப்புக் கம்பியைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து அளந்தால், பவர் போர்டின் கால்களில் ஒன்றில் 5 வோல்ட்டும் இன்னொன்றில் சுமார் மைனஸ் 19 வோல்ட்டும் வர வேண்டும். 5 வோல்ட் சிப்புகளுக்கு, மைனஸ் 19 திரைக்கு. சத்தம் கேட்டும் திரையில் ஒன்றுமே இல்லை என்றால் மைனஸ் 19ஐத்தான் முதலில் தேட வேண்டும். திரையில் சில கோடுகள் மட்டும் காணாமல் போவது திரையின் ரிப்பன் ஒட்டில் வரும் கோளாறு, அதற்காகப் பவர் போர்டை மாற்றாதீர்கள்.

5 வோல்ட் குறைவாக வந்தால் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் சிறு உருளைகள்) மாற்றலாம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், 105 டிகிரி தாங்கும் குறைந்த உள்மின்தடை வகை. கழற்றும் முன் மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 19 வழியில் உள்ள கெபாசிட்டரில் பாசிட்டிவ் கால்தான் கிரவுண்டில் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் பொதுத் தடம்) இருக்கும், வழக்கம்போல் மைனஸ் காலை அங்கே போட்டால் வெடிக்கக்கூடும். சால்டரிங் அயன் 350 டிகிரிக்கு மேல் வேண்டாம். கிரவுண்ட் கால் சூட்டை இழுத்துக்கொள்ளும், அங்கே அவசரப்பட்டு இழுத்தால் செம்புத்தடம் பெயர்ந்து வரும். ஈயம் எளிதாக ஓட உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவி, கொஞ்சம் புது ஈயம் சேர்த்தால் தானே இளகும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இதைவிட நுண்ணிய சால்டர் வேலை செய்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் பிறகு குப்பையைப் பற்றி யோசிக்கலாம். திருத்தத்தை அதே ஞாயிறு பக்கத்தில், அடாப்டரின் துருவக் குறியைப் படமாகப் போட்டு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுப் பழுதுபார்ப்பவர்,
ஜெலுத்தோங், பினாங்கு