சுந்தரம் மகனோட சம்பளத்தப் பத்தி ரவிக்கு

மச்சான் ரவி,

நீ போட்ட மெசேஜ் எல்லாம் பார்த்தேன், பதில்தான் போடல. திட்டுறத போன்ல திட்டிக்க. இங்க எல்லாரும் சொகம், அம்மாவுக்கு முழங்கால் வலி அப்பிடியேதான் கெடக்கு, பெரியக்கா இன்னமும் "கோழி எப்ப வாறான்"னுதான் ஒன்ன விசாரிக்குது. மழை விட்டபாடில்ல, கொழுந்தும் கொறவு.

இப்ப எழுதுறது சுந்தரம் மகனுக்காக. பய கொரியா பரீட்சை பாஸ் பண்ணி வேலையும் சரியாயிருச்சி, டிக்கட் வாறதுதான் பாக்கி. லயமே சந்தோசத்துல இருக்கு, எனக்கும் சந்தோசம்தான், ராத்திரி ராத்திரியா அவன் அந்த கொரியன் எழுத்த எழுதிப் பழகினத பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். ஆனா போன ஞாயித்துக்கெழம சுந்தரம் ஒரு சீஆர் கொப்பியக் கொண்டுவந்து காட்டுனான் மச்சான், அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

சிவப்புப் பேனையால கோடு அடிச்சி மாசம் மாசமா எழுதியிருக்கான். மொத அஞ்சு மாசம் அடகுல கெடக்குற நகைக்கு. அடுத்தது மூத்தவ கல்யாணக் கடன். அப்புறம் த்ரீவீல் லீசிங், அதையும் பய பேர்லதான் எடுக்கப் போறாங்களாம். அதுக்கப்புறம் வீட்டுக்கு மேல கொங்கிரீட் தட்டு, அப்புறம் மச்சினனுக்கு ஒரு கட. ரெண்டு வருசத்துக்கு மேல ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு ஆள் இருக்கு, பய பேரு கொப்பி அட்டைல மட்டும்தான் இருக்கு. இது பத்தாதுன்னு, அவன் பிளேன் ஏற முன்ன ஹட்டன்ல பத்திரம் எழுதுற நொத்தாரிசுகிட்ட கூட்டிப் போயி அப்பன் பேருக்கு முழு பவர் ஒப் அட்டோனி, அதான் பயலுக்குப் பதிலா எல்லாத்துலயும் சைன் வைக்கிற அதிகாரம், எழுதி வாங்கப் போறானாம். "அவன் அங்க போனா இங்க யாரு சைன் வைக்கிறது"ன்னு என்கிட்டயே கேக்குறான்.

நீ ஒரு லிஸ்ட் அனுப்பினியே, ஒன் மகன் காட்டினான்னு, ஐஸ் ஹொக்கில யாரு யாரு மொத்தமா எவ்வளவு சம்பாதிச்சாங்கன்னு. மொதல்ல அதப் பார்த்து வாயப் பொளந்தேன், கப்ரிசோவ்னு ஒரு ரஷ்யாக்காரனுக்கு மினசோட்டா டீம் 8 வருசத்துக்கு 136 மில்லியன் டொலர் குடுக்குது, தோட்டத்துல ஆயிரம் ரூவா நாள் சம்பளம் கேட்டு வருசக் கணக்கா ரோட்டுல நின்ன எங்களுக்கு அந்தக் கணக்கு மனசுலயே நிக்காது. அப்பிடியே தேடிக்கிட்டுப் போனதுல ஜாக் ஜோன்சன்னு ஒரு டிபென்ஸ் ஆட்டக்காரனோட கதை கெடச்சிச்சி. ஒன் மகன்கிட்ட கேளு, அவனுக்குத் தெரியும்.

இவன் 1987ல பொறந்தவன், பெரிய ஸ்டார் க்ரொஸ்பிகூட ஒரே ஸ்கூல்ல இருந்தவன், டீமுங்க புதுப் பயலுகள வரிசையா எடுக்கிற 2005 ட்ராப்ட்ல மூனாவது ஆளா எடுத்தாங்க. 2011ல லொஸ் ஏஞ்சலிஸ் டீமோட 7 வருசத்துக்கு 30.5 மில்லியன் டொலருக்கு சைன் வச்சான். அதோட தலமொறைக்கே கஷ்டம் தீர்ந்துச்சின்னுதான நாம நெனைப்போம்? 2014 ஒக்டோபர்ல கோர்ட்டுல போயி நான் வங்குரோத்தாகிட்டேன்னு எழுதிக் குடுக்குறான் மச்சான். அதுக்குள்ள அவன் சம்பாதிச்சிருந்தது 18 மில்லியனுக்கு மேல, நம்ம காசுல இன்னைக்கி 500 கோடிய தாண்டும். கோர்ட்டுக்குக் காட்டின சொத்து 50,000 டொலர் கூட இல்ல, கடன் 10 மில்லியனுக்கு மேல.

எப்பிடின்னா, 2008ல பழைய ஏஜென்ட நிப்பாட்டிட்டு அம்மா பேருக்கு பவர் ஒப் அட்டோனி எழுதிக் குடுத்திருக்கான். அதுக்கப்புறம் பெத்தவங்க அவனோட வரப்போற சம்பளத்தக் காட்டி கடனுக்கு மேல கடனா எடுத்திருக்காங்க, அதுவும் பெரிய வட்டிக்கு, கலிபோர்னியாவுல கடற்கரைப் பக்கம் வீடு, கார், பயணம்னு போயிருக்கு, அந்த நாட்டுப் பத்திரிகைல விவரமா வந்துச்சி. பய பாட்டுக்கு ஐஸ்ல அடிபட்டுக்கிட்டுக் கெடந்திருக்கான், சம்பளம் வர முன்னயே அது வேற ஆளோட காசாகிருச்சி. அவன் வெளையாட்ட விடல, ஆயிரம் மேட்ச்ச தாண்டி வெளையாடி 2022ல கொலராடோ டீமோட அந்த லீக்கோட பெரிய கப்பான ஸ்டான்லி கப்பும் எடுத்தான். எனக்கு அத வாசிக்கயில தொண்டைய அடைச்சிச்சி.

இன்னொன்னும் பாரு, அந்த லிஸ்ட்ல இருக்கிறது பேப்பர்ல இருக்கிற காசு. அதுல வரி போகும், கனடாவுல ஒன் ஒண்டாரியோவுல மேல்தட்டுக்கு 53.53 வீதம்னு ஒனக்கே தெரியும், ஏஜென்ட்டுக்குப் போகும், லீக் வருமானத்துல பாதிக்கு மேல ஆட்டக்காரங்களுக்குப் போயிரக் கூடாதுன்னு சம்பளத்துலயே ஒரு பங்க புடிச்சி வைப்பாங்க, எஸ்குரோன்னு பேரு. அதோட பெரும்பாலான ஆளுங்களுக்கு பத்து வருசம் கூட ஓடாது அந்த வெளையாட்டு. நம்ம பயலுக்கும் அதேதான மச்சான், கொரியால ஒரு தடவைக்கு 4 வருசம் 10 மாசம்தான். அதுல பாதிய கொப்பில எழுதி முடிச்சாச்சி.

பெத்தவங்க கையில குடுத்ததுதான் கேடுன்னு நான் சொல்ல வரல. ஒவெச்கின்னு இன்னொரு ரஷ்ய ஆட்டக்காரன் 2008ல ஏஜென்ட்டே இல்லாம 124 மில்லியனுக்கு சைன் வச்சான், அப்ப கூட நின்னது அவனோட அம்மாதான், பாஸ்கட்போல்ல ரெண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்த பொம்பள. பழைய காலத்து பெரிய ஆட்டக்காரன் பொபி ஓர் கதைய பாரு, அவன் நம்புனது குடும்பத்த இல்ல, ஏஜென்ட் ஈகிள்சன. ஓர் ஆடின பொஸ்டன் டீம் தன்னோட சொத்துலயே 18.5 வீதம் பங்கு குடுக்க ரெடியா இருந்திருக்கு, அத ஏஜென்ட் அவனுக்குச் சொல்லவே இல்ல, ஓர் 1976ல சிக்காகோ டீமுக்குப் போயிட்டான். அந்த ஏஜென்ட் 1998ல மோசடி கேஸ்ல ஜெயிலுக்குப் போனான், ஆனா பொபி ஓரோட காசும், வெளையாட்டுல அடிபட்ட முழங்காலும் அதுக்கு எவ்வளவோ முன்னயே போயிருச்சி. சம்பாதிக்கிறவன் கணக்கப் பார்க்கணும் மச்சான், யாரு கையில குடுத்தாலும்.

நம்ம பூட்டன் காலத்துல தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி குடுத்த முன்பணத்த ஒரு துண்டுல எழுதி, அந்தத் துண்டோட ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் மாத்துனாங்க. கொழுந்துல கை வைக்க முன்னயே கடன். 1921ல சட்டம் போட்டு அத ஒழிச்சாங்க. நூறு வருசம் தாண்டி நாமளே நம்ம புள்ளைக்கு அப்பிடி ஒரு கணக்க எழுதி கையில குடுத்து அனுப்புறதா? சுந்தரம் கெட்டவன் இல்ல, ஒனக்குத் தெரியும். அவன் பட்ட கஷ்டம் அப்பிடி. கல்யாணத்துக்கு எடுத்த கடனுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனிக்காரன் வாரா வாரம் வாசல்ல வந்து நிக்கிறான், அந்த வெக்கத்துலதான் இப்பிடி அவசரப்படுறான்.

நான் சொன்னா "ஒனக்கு என்னடா, மாசச் சம்பளக்காரன்"னு வாய அடைச்சிருவான். நீ சொன்னா கேப்பான். ஒன் மொத சம்பளக் கதைய எடுத்து விடு, அவன் சிரிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சிச்சி.

பயலோட பேங்க் கணக்கு பய பேர்ல மட்டும் இருக்கட்டும், அவனே போன்ல பார்க்கட்டும். வீட்டுக்கு மாசம் இவ்வளவுன்னு ஒரு தொகைய ஸ்டாண்டிங் ஓடர் போடட்டும், மிச்சத்துல கொஞ்சம் பிக்சட் டெபாசிட்ல போகட்டும். நகையும் கல்யாணக் கடனும் சரி, அது கட்டத்தான் வேணும். த்ரீவீலையும் தட்டையும் ஒரு வருசம் தள்ளிப் போட்டா யாரும் சாகப் போறதில்ல. பவர் ஒப் அட்டோனி கட்டாயம்னா இன்ன வேலைக்கு மட்டும்னு எழுதலாம், கடன் எடுக்கிற அதிகாரம் அதுல இருக்கக் கூடாது.

வாற வெள்ளிக்கெழம நொத்தாரிசுகிட்ட போறாங்க. வியாழனுக்குள்ள போன் எடு, எங்களுக்கு ராவு எட்டு மணிக்கு மேல, அப்பதான் சுந்தரம் வீட்ல இருப்பான், ஒனக்கு காலைல வேலைக்கு நடுவுலயா இருக்கும், ஆனாலும் எடு. நான் எழுதினேன்னு சொல்லிராத.

மோகன்