இழப்பு யாருடையது? வேதபாடத் தொடருக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

தியாகமுள்ள தலைமையைப் பற்றிய வேதபாடத் தொடர் கர்த்தருடைய கிருபையால் நிறைவடைந்தது. பேசியவன் நான், உழைத்தவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன்.

முதல் நன்றி, தொடக்கத்திலேயே என்னை மறித்த மூத்த அக்காவுக்கு. “தியாகம் செய்யுங்கள் என்று சபையில் யார் யாரிடம் சொல்கிறார்கள்? தலைவர்கள் விசுவாசிகளிடம்தானே?” என்று கேட்டார். தொடரின் போக்கையே அந்தக் கேள்விதான் தீர்மானித்தது. யோவான் 10-ஆம் அதிகாரத்தில் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுப்பவர் மேய்ப்பர். ஓநாயைக் கண்டதும் ஓடுபவன் கூலியாள். ஓநாய் வரும்வரை இருவரையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதுதான் சங்கடம்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரின் வாழ்க்கையைத் தேதிவாரியாகச் சரிபார்த்துக் கொடுத்த தம்பிக்கு அடுத்த நன்றி. 1939 ஜூனில் நியூயார்க் சென்ற அவருக்கு அங்கே வேலையும் பாதுகாப்பும் இருந்தன. ஒரு மாதம்கூடத் தங்காமல் ஜெர்மனிக்குத் திரும்பினார். தம் மக்களின் சோதனைக் காலத்தில் உடனிருக்காதவனுக்குப் போருக்குப் பின் சபையைக் கட்டியெழுப்ப உரிமை இல்லை என்பது அவருடைய நியாயம். 1943-இல் கைதானார், 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். எனக்கு அந்தத் தூக்குமேடையைவிட நியூயார்க்கில் அவர் பட்ட தவிப்புதான் பெரிதாகத் தெரிகிறது. இருந்துவிட்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் குரு கொல்பேயைப் பற்றிப் பேசும்போது அவரால் பிழைத்தவரை மறக்காதீர்கள் என்று சொன்ன கத்தோலிக்க நண்பரே, உங்களுக்கும் நன்றி. 1941-இல் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கயோவ்னிசெக் என்ற கைதி, மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அவருடைய இடத்தைக் கொல்பே ஏற்றுக்கொண்டார். பிழைத்தவர் 1995 வரை வாழ்ந்தார். 1982-இல் கொல்பேக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது அங்கே இருந்தார். தியாகம் என்றாலே சாவைப் பற்றி மட்டும் பேசிப் பழகிய எங்களுக்கு, அது இன்னொருவருக்கு அரை நூற்றாண்டு வாழ்வானதையும் நீங்கள்தான் காட்டினீர்கள்.

“பாலிகார்ப் முதலில் பண்ணை வீட்டில் ஒளிந்தாரே, அது விசுவாசக் குறைவா?” என்று கேட்ட சிறுவனுக்கு ஒரு மாலை முழுவதும் கடன்பட்டிருக்கிறோம். பாலிகார்ப் இரண்டாம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஸ்மிர்னா சபைத் தலைவர். அந்த முதியவர் சாவைத் தேடிப் போகவில்லை. பிடிக்க வந்த வீரர்களுக்கு உணவு கொடுக்கச் சொல்லிவிட்டு ஜெபிக்க நேரம் கேட்டார். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். பெரியவர்கள் யாரும் கேட்கத் துணியாத கேள்வி, தம்பி!

நாற்காலி அடுக்கியவர்கள், பிரதி எடுத்தவர்கள், சைகை மொழியில் பெயர்த்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

கடைசியாக ஆயருக்கு. தலைமையில் இருப்பவர்களைக் குத்தும் பகுதிகள் பல இருந்தும் ஒரு வரியைக்கூட நீக்கச் சொல்லவில்லை. அடுத்த தொடரில் மூப்பர்கள் எல்லாரும் முன்வரிசையில் அமர வேண்டும் என்றும் அறிவித்துவிட்டார். மூப்பர்கள் சார்பிலும் அவருக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். அவர்கள் என்னிடம் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லைதான்.

கிறிஸ்துவின் அன்பில்,
பாடத் தொடரை நடத்தியவன்