ஈஸ்ட் பெங்கால் முடிந்துபோன கதையா? கொல்கத்தாவில் இருக்கும் தம்பிக்கு

20 ஏப்ரல் 2025
கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

"ஈஸ்ட் பெங்கால் இனி எந்தக் காலத்திலும் லீக் ஜெயிக்காது அண்ணா" என்று உன் கால்பந்துக் கிளப்பைப் பற்றி எழுதியிருந்தாய். கோபம் புரிகிறது. அதே ஊர்ப் பரம எதிரி மோகன் பகான் ஐ.எஸ்.எல்.இல் (இந்தியன் சூப்பர் லீக்) 56 புள்ளியோடு முதலிடம் பிடித்து ஷீல்டை வாங்கியது, 12ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை வென்று கோப்பையையும் தூக்கிவிட்டது. உன் அணிக்கு 28 புள்ளி, ஒன்பதாவது இடம். சரியாகப் பாதி. அந்த ஊரில் இருந்துகொண்டு இதைத் தாங்குவது லேசில்லை.

ஆனாலும் நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழம்பெருமையை வைத்து வாதாடப் போவதில்லை. 1970 முதல் 75 வரை தொடர்ந்து ஆறு கல்கத்தா லீக், 75 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று மடக்கியது, 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை, எல்லாம் உனக்கு மனப்பாடம். கடைசியாகத் தேசிய லீக் வென்றது 2004இல். இருபத்தொரு வருடம் என்பது ஒரு தலைமுறை. அந்தச் சாம்ராஜ்யம் திரும்பி வரும் என்று நானும் சொல்லவில்லை. ஒரு லீக் வெல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்கிறேன்.

2019 மார்ச் 9ஐ நினைத்துப் பார், ஐ-லீக் என்ற தேசிய லீகின் கடைசி நாள். அன்று நான் எதிர்ப்பக்கம். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். எங்களுக்கு 40 புள்ளி, உங்களுக்கு 39, இரண்டு அணிக்கும் அதுதான் கடைசி ஆட்டம். எங்களோடு மோதிய மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் கேலரியில் யாரும் டீ குடிக்கப் போகவில்லை, எல்லார் கையிலும் போன், எல்லாரும் பார்த்தது கோழிக்கோட்டு ஸ்கோரை. அங்கே உன் அணி ஒரு கோல் அடித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. அப்புறம் எங்கள் மான்சி பெனால்டியில் சமன் செய்தார், கௌரவ் போரா இரண்டு அடித்தார், நாங்கள் 3-1. கோழிக்கோட்டில் உள்ளூர் அணியான கோகுலம்தான் முதலில் அடித்தது. ஆனால் உன் அணி விடவில்லை. ஒரு கோல் பின்தங்கியிருந்தும் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு அடித்து 2-1 என்று ஜெயித்தது. 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

அந்த சீசனில் மோகன் பகானோடு மோதிய இரண்டு டெர்பியையும் வென்றது ஈஸ்ட் பெங்கால். பயிற்சியாளர் அலெஹாந்த்ரோ மெனென்டெஸ் கையில் இருந்த அந்த அணி தேய்ந்துபோன அணியா? இன்னும் ஒரு வருடம் அப்படியே கட்டிக் காத்திருந்தால் போதும். நடந்தது என்ன? முதலீட்டாளர் குவெஸ் நிறுவனத்தோடு மனஸ்தாபம், 2020 ஜனவரியில் மெனென்டெஸ் போனார், அந்த வருட நடுவில் குவெஸும் போனது. அடுத்த முதலீட்டாளராக வந்தது ஸ்ரீ சிமெண்ட். ஐ.எஸ்.எல். கதவு திறந்தது 2020 செப்டம்பர் கடைசியில், ஆட்டம் ஆரம்பித்தது நவம்பரில். அந்த அவசரத்தில் ராபி ஃபவுலரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டு, கிடைத்த ஆட்களைச் சேர்த்து இறக்கினார்கள். மோகன் பகானோ கொல்கத்தாவின் ஐ.எஸ்.எல். அணியான ஏ.டி.கே.வோடு கைகோத்து, முந்தைய வருடம் கோப்பை வென்ற அணியையும் பயிற்சியாளரையும் அப்படியே கூட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருடமும் ஒப்பந்தச் சண்டை ஆகஸ்ட் வரை இழுத்தது. விளைவு, 20 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. ஐந்து சீசனில் முழுநேரப் பயிற்சியாளர்கள் மட்டும் ஆறு பேர். எந்த அணியாக இருந்தாலும் இதில் படுத்துவிடும், தம்பி. இதை ஆட்டக்காரர்களின் தரம் என்றோ கிளப்பின் விதி என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த சீசன் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார். முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. நடுவில் பயிற்சியாளர் குவாட்ராட் விலகினார், ஆஸ்கர் புருஸோன் வந்தார். அந்த 28 புள்ளியும் மீதி 18 ஆட்டத்தில் வந்தது. அதே வேகத்தில் 24 ஆட்டமும் ஆடியிருந்தால் 37 வந்திருக்கும். முதல் ஆறு அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃபுக்கு ஆறாவதாகப் போன மும்பைக்கு 36தான். அந்த ஆறில் நுழைந்துவிட்டால் கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். புவனேஸ்வரில் 2024 சூப்பர் கப் இறுதியைப் பார்த்தாயே, ஒடிசாவின் சொந்த மைதானம், முதலில் கோல் வாங்கி, நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கிளெய்ட்டன் முடித்து வைத்தார். நாலரை வருட டெர்பி சாபத்தை 2023இல் உடைத்ததும் அதே நந்தகுமார் கோல்தான். (அந்த ராத்திரி நீ போனில் அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.)

உன் மின்னஞ்சலில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதில்தான் எனக்கு வருத்தம். மோகன் பகான் கோப்பை தூக்கியதற்கு முந்தின நாள், ஏப்ரல் 11, கல்யாணியில் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் ஒடிசாவை 1-0 என்று வென்று இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனார்கள். சௌம்யா அடித்த கோல். 2004க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு வந்த முதல் தேசிய லீக் பட்டம்! அதே கிளப், இப்போதைய முதலீட்டாளர் இமாமியின் அதே பணம். என்ன செய்தார்கள்? கோகுலத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆண்டனி ஆண்ட்ரூஸைக் கூட்டி வந்து அணியை ஒப்படைத்தார்கள். வேலை தெரிந்த ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள், அவ்வளவுதான். ஆண்கள் அணிக்கு இதைச் செய்ய என்ன தடை?

ஆகவே என் கணக்கு இது: புருஸோனை இரண்டு சீசன் தொடவே கூடாது. பெயர் பெற்ற வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைத் தேடி ஓடுவதை நிறுத்த வேண்டும். போன வருடம் அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கிய டியாமன்டாகோஸ் வந்தும் கோல் மழை பெய்யவில்லை. விஷ்ணு மாதிரி இளம் பையன்களுக்கு நிமிடங்கள் கொடுக்க வேண்டும். அடுத்த சீசனே லீக் என்று சொல்லமாட்டேன், மோகன் பகான் அவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது. ஆனால் பிளேஆஃப் நிச்சயம். அதற்கடுத்த வருடம் லீக்குக்கே போட்டி போடலாம்.

எனக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பாய். உன்னை ஒரு புள்ளியில் வென்ற என் சென்னை சிட்டி, 2021க்குப் பிறகு ஐ-லீகிலேயே இல்லை. ஒன்பதாவது இடத்தில் இருக்கிறதே என்று கோபப்பட எனக்கு ஒரு அணி கிடையாது. உனக்கு இருக்கிறது. அதை முடிந்துவிட்டது என்று நீயே எழுதினால் எனக்கு வலிக்கிறது.

கல்கத்தா லீக் தொடங்கியதும் ஒரு நாள் மைதான் பக்கம் போய் உன் கிளப்பின் சின்னப் பையன்கள் ஆடுவதைப் பார். எவன் தேறுவான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்