எல்.இ.டி. ஃபியூஸ் போனால் அது டூப்ளிகேட் என்று அர்த்தமில்லை

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை ஒரு காலேஜ் தம்பி சென்னை ரிச்சி தெருவில் உள்ள நம் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு வந்து கவுண்டரில் ஒரு கவரைக் கொட்டினார். பத்து சிவப்பு எல்.இ.டி., பத்திலும் உள்ளே கறுப்புப் புள்ளி. "அண்ணே, எல்லாம் டூப்ளிகேட்" என்றார். எதில் மாட்டினீர்கள் என்று கேட்டால், 12 வோல்ட் அடாப்டரில், நேராக. ரெசிஸ்டர் போடவில்லையா? "அதுவும் வேணுமா?"

வேணும். சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று சுமார் 2 வோல்ட்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 10 வோல்ட்டை யாராவது தாங்க வேண்டும், அதுதான் ரெசிஸ்டர் வேலை. எல்.இ.டி.க்குள் 20 மில்லி ஆம்பியர் கரண்ட், அதாவது 0.02 ஆம்பியர் ஓடினால் போதும். 10ஐ 0.02ஆல் வகுத்தால் 500 ஓம். 500 என்று கேட்டால் சாதாரண டப்பாவில் இருக்காது, அடுத்த மதிப்பு 560 (மேலே பச்சை, நீலம், பழுப்புப் பட்டைகள் இருக்கும்) வாங்குங்கள். கரண்ட் 18 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. 10 வோல்ட்டையும் அந்தக் கரண்ட்டையும் பெருக்கினால் 0.18 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், தொட்டால் லேசாகச் சுடும், பயப்பட வேண்டாம்.

மூன்று எல்.இ.டி.யை வரிசையாகக் கோத்தால் அவையே 6 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 6, அதற்கு 330 ஓம் போதும். மூன்றுக்கும் அதே 18 மில்லி ஆம்பியர்தான் ஓடும். தனித்தனியாகப் பக்கவாட்டில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள், ஒன்றையே பொதுவாகப் போட்டால் ஒரு எல்.இ.டி. மற்றதன் பங்கையும் இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், "அடாப்டரில் 2 ஆம்பியர் போட்டிருக்கே, என் சர்க்யூட்டுக்குள் அத்தனையும் பாயாதா?" என்று தினமும் ஒருவராவது கேட்கிறார். கடையில் இரண்டு மூட்டை அரிசி இருக்கிறது என்பதற்காக ஒரு கிலோ கேட்டவர் தலையில் அத்தனையையும் கட்டுவார்களா? வோல்ட் மட்டும் சரியாக இருக்கட்டும், எத்தனை ஆம்பியர் என்பதை உங்கள் சர்க்யூட்தான் கேட்டு வாங்கும். ரெசிஸ்டர் இல்லாத எல்.இ.டி.க்குத்தான் "போதும்" என்று சொல்லத் தெரியாது, அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான்.

இந்தக் கணக்கெல்லாம் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் மட்டுமே. வீட்டு 230 வோல்ட்டில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

கடைசியாக மல்டிமீட்டர். கரண்ட் அளக்க வயரை ஒரு இடத்தில் பிரித்து மீட்டரை நடுவில் சேர்க்க வேண்டும். ஆம்பியர் ஓட்டையில் சிவப்பு வயரைச் செருகி நேராக பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அந்த ஃபியூஸும் நம்மிடம் கிடைக்கும், ஆனால் மீட்டர் டூப்ளிகேட் என்று மட்டும் சொல்லாதீர்கள்.