ஜெயிலில் வேதம் படித்த என் தம்பியைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், ஜெயிலுக்குப் போனவர்கள் கிறிஸ்தவர்களாக மாறுவதெல்லாம் சீக்கிரம் வெளியே வருவதற்கான நடிப்பு என்று எழுதியிருந்தார். யாரை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது. என் தம்பி அப்படி மாறியவன். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்துவிட்டு நியாயம் பேச எனக்கு இஷ்டமில்லை. 2008, சம்பா நேரம். எங்களுடையது கடைமடை ஊர், முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். மடையை யார் முதலில் திறப்பது என்று பேச்சு முற்றியது, என் தம்பி குடித்திருந்தான், கையில் மண்வெட்டி இருந்தது. பக்கத்து வயல்காரர் அந்த வரப்பிலேயே செத்துப்போனார். அவருக்கு மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். தம்பிக்கு ஆயுள் தண்டனை.

மாதம் ஒரு தடவை விடியற்காலை பஸ் ஏறி, கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டி, திருச்சி மத்திய சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போவேன். ஆறாவது வருடம் ஒரு நாள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, நான் இயேசுவை ஏத்துக்கிட்டேன்" என்றான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "ஏண்டா, பிரட்டும் பிஸ்கட்டும் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டேன். பிற்பாடு ஊர் சொன்னதை எல்லாம் முதலில் சொன்னவள் நான். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்தபடி, "அம்மாவுக்கு இருமல் தேவலையா?" என்று கேட்டான். அதுவரை அவன் கேட்டதெல்லாம் வக்கீல் என்ன சொன்னார், அப்பீல் என்ன ஆச்சு, பணம் கொண்டுவந்தாயா என்பதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த இருமல் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன், அப்போதும் முழுசாக நம்பவில்லை.

விடுதலைக்காக மாறினான் என்கிறவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி பொதுவாக 14 வருடம் உள்ளே இருந்தாக வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு, புதுச் சட்டத்தில் 475). அதற்கு முன்னால் அரசியல் சட்டத்தின் 161வது பிரிவின் கீழ் ஆளுநர் வழியாக அரசு விடுவிப்பது தனி. இரண்டிலும் மதத்துக்கு மார்க் கிடையாது. எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த நன்னடத்தை அலுவலர், வெளியே வந்தால் எங்கே தங்குவான், என்ன வேலை பார்ப்பான், எதிர்த்தரப்போடு மறுபடி தகராறு வருமா என்று கேட்டார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கேட்கவே இல்லை. என் தம்பி 14 வருடமும் முடித்து 2023ல்தான் வந்தான், ஞானஸ்நானம் வாங்கியது அதற்கும் பிறகு. நடிப்பு என்றால் காரியம் முடிந்த பிறகு யாராவது நடிப்பார்களா? அதிலும் நாங்கள் ஆதிதிராவிடர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைப்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் தண்ணீரில் இறங்கினான்.

சர்ச்சிலும் அவனை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. போதகர் (எங்கள் பக்கத்துப் பழைய லுத்தரன் குடும்பங்கள் இன்றும் ஐயர் என்றுதான் சொல்வார்கள்) ஒரு வருடம் காத்திரு என்றார். அவர் சந்தேகப்பட்டார்தான், ஆனால் அவனிடமே சொல்லிவிட்டு, வாரா வாரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டார். அதை நான் மதிக்கிறேன். சபையில் சிலர் அவன் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை, ஜெயிலில் இருந்தவன் என்று காதுபடப் பேசினார்கள். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவையே டேனிஷ்காரர்கள் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் குற்றம் செய்து போகவில்லை, சரி. ஆனால் சிறைக்கதவு என்றாலே முகம் சுளிக்கிற சபைக்கு அந்த ஞாபகமாவது இருக்க வேண்டாமா? கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திவிட்டு மனம் மாறி வந்த பவுலை எருசலேமில் யாரும் நம்பவில்லை, பயந்து ஒதுங்கினார்கள். பர்னபா என்ற ஒருவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார் என்று என் தம்பிதான் எனக்குப் படித்துக் காட்டினான்.

எங்கள் சாமி கும்பிடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், நான் இன்றும் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறவள். சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்தவர். பெருமாளையே மறித்து நகையைப் பறிக்கப் போய் மந்திரம் வாங்கியவர் என்று திருநகரியில் வேடுபறி உற்சவம் நடத்தி நாம் கும்பிடுகிறோம். அங்கே போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களே என் தம்பியைப் பார்த்து, "கொலைகாரனுக்குத் திடீர்னு என்ன பக்தி?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அம்மா திவசத்துக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டேன் என்று அவன் சொன்னபோது எனக்கும் மனசு நொந்தது, இரண்டு நாள் பேசவில்லை. அந்த வருத்தம் வேறு.

சந்தேகப்பட முழு உரிமை உள்ளவர் ஒருவர்தான், இறந்தவரின் மனைவி. ரேஷன் கடை வரிசையில் ஒரு தடவை என்னிடம், "அவன் மாறினா என்ன, மாறாட்டி என்ன, எம் புருஷன் வரப்போறதில்ல" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. சபையிலிருந்து இரண்டு பேர் அவரிடம் போய், அவன் ரட்சிக்கப்பட்டுவிட்டான், நீ மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள், மத்தியப் பிரதேசத்தில் 1995ல் கொல்லப்பட்ட சிஸ்டர் ராணி மரியாவின் தங்கை சிறைக்கே போய்க் கொன்றவன் கையில் ராக்கி கட்டிய கதையையும் சொல்லியிருக்கிறார்கள். அது அந்தத் தங்கை தானாகச் செய்தது. இன்னொரு பெண்ணின் வாசலில் போய் அதைக் கேட்க யாருக்கும் பாத்தியதை இல்லை. கேள்விப்பட்டு என் தம்பி அழுதான், இனி யாரும் அங்கே போகக் கூடாது என்று போதகரிடம் சொல்லிவிட்டு வந்தான்.

உள்ளே கற்ற தச்சு வேலைதான் இப்போது பிழைப்பு. உள்ளே இருந்தபோது கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்குப் பிடிப்பார்கள், வெளியே வந்தும் அந்தக் கணக்கை விடவில்லை. முதல் மாதம் ஊர்ப் பெரியவர் மூலம் கொடுத்தனுப்பினான், அந்த அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். "சரி" என்றான், அவ்வளவுதான். இன்றும் மாதா மாதம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறான், மூடியில் அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறான். வாய்க்கால் தூர்வார ஆள் கூப்பிட்டால் போவான், மண்வெட்டியைத் தொடமாட்டான், கையாலேயே சேற்றை அள்ளிப் போடுவான்.

கடிதம் எழுதிய அன்பர் விரும்பினால் எங்கள் ஊருக்கு வரட்டும், என் விலாசத்தை அவருக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம். தம்பியின் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். அந்த அம்மா இருக்கும் தெருப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அக்கா (பெயர் போட வேண்டாம்),
தரங்கம்பாடி வட்டம்.